புழுவோடு ஓர் உடன்படிக்கை

யானைக்கால் நோயைக் கண்டறியும் வேலை நெடுங்காலம் இரவு வேலையாகவே இருந்தது. நோயை உண்டாக்கும் இழைப்புழுவின் இளம்புழுக்கள் பகல் முழுவதும் நுரையீரலின் இரத்தக் குழாய்களுக்குள் தங்கியிருக்கும். இரவு பத்து மணிக்கு மேல்தான் தோலை ஒட்டிய நுண்குழாய்களுக்குப் பெருமளவில் வரும்; அவற்றை ஏந்திச் செல்லும் கொசுக்கள் கடிக்கும் நேரமும் அதுவே. ஆகவே சுகாதாரப் பணியாளர்கள் நள்ளிரவை ஒட்டி வீடு வீடாகப் போய், தூங்குகிறவர்களை எழுப்பி, விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் இரத்தம் தடவி எடுத்து வந்தார்கள்.

இந்த அலைச்சலுக்கு ஒரு மாற்று மலேசியாவில் பிறந்தது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ரஹ்மா நூர்டினும் அவரது குழுவினரும் 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் 'புருகியா ரேப்பிட்' என்ற விரைவுப் பரிசோதனையை உருவாக்கினார்கள். கிளந்தான் வளாகத்தில் தொடங்கிய அந்த ஆய்வு, பின்னர் பினாங்கில் அப்பல்கலைக்கழகத்தின் மூலக்கூறு மருத்துவ ஆய்வுக் கழகத்தில் தொடர்ந்து வளர்ந்தது. இதற்கு இரவில் போக வேண்டியதில்லை. பட்டப்பகலில் ஒரு சொட்டு இரத்தம் போதும். கொரோனா காலத்தில் வீட்டில் செய்து பார்த்தோமே, அந்த அட்டையைப் போலத்தான் இதுவும்: அரை மணி நேரத்துக்குள் சிவப்புக் கோடு தோன்றினால் தொற்று என்று பொருள்.

அந்த அட்டை புழுவைத் தேடுவதில்லை. புழுவைக் கண்டு உடல் தயாரித்த ஓர் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அதன் பெயர் ஐஜிஜி4. நம் இரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள்களிலேயே மிகவும் சாதுவானது அது. எதையும் கொல்லாது, அழற்சியையும் மூட்டாது. ஐந்து சென்டிமீட்டர் நீளப் புழு ஒன்று உள்ளே குடியிருக்கும்போது, உடல் ஏன் இப்படிப்பட்ட ஆயுதத்தை மலைமலையாகத் தயாரிக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கான விடையில்தான் புழுக்களுக்கும் மனித உடலுக்கும் இடையிலான பல்லாயிரம் ஆண்டு உறவு அடங்கியிருக்கிறது.

விழுங்க முடியாத எதிரி

பாக்டீரியா என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு அளவுள்ள உயிர். வெள்ளணு அதை அப்படியே விழுங்கிச் செரித்துவிடும். வைரஸ் செல்லுக்குள் ஒளிந்துகொண்டால், அந்தச் செல்லையே அழிக்கும் வெள்ளணுக்களும் நம்மிடம் உண்டு. இந்த இரண்டு உத்திகளும் புழுவிடம் செல்லுபடியாகா. மலேசியாவின் யானைக்கால் நோய்க்குக் காரணமான 'புருகியா மலாயி' பெண்புழு நான்கைந்து சென்டிமீட்டர் நீளம். குழந்தைகளின் வயிற்றில் வளரும் நாக்குப்பூச்சி 20 முதல் 35 சென்டிமீட்டர் வரை போகும். எந்த வெள்ளணுவாலும் இவற்றை விழுங்க முடியாது. போதாக்குறைக்கு இவற்றின் உடலைச் சுற்றி உறுதியான புறத்தோல் வேறு.

இன்னொரு வேறுபாடு எண்ணிக்கை பெருகும் விதத்தில் இருக்கிறது. சாதகமான சூழலில் சில பாக்டீரியாக்கள் அரைமணி நேரத்துக்குள் இரட்டிப்பாகும்; ஒருநாள் அசந்தால் உயிருக்கே ஆபத்து. புழுக்களில் பெரும்பாலானவை நம் உடலுக்குள் அப்படிப் பெருகுவதில்லை. பெண் நாக்குப்பூச்சி நாளொன்றுக்கு இரண்டு லட்சம் முட்டைகள்வரை இடும். ஆனால் அவை மலத்தோடு வெளியேறி, ஈரமண்ணில் சில வாரங்கள் கிடந்து முதிர்ந்து, மறுபடி யாருடைய வாய்க்குள்ளாவது போனால்தான் புதுப்புழு உண்டாகும். உள்ளே இருக்கும் பத்துப் புழு மறுநாள் இருபது ஆகிவிடாது.

இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பார்த்தால் உடலின் கணக்கு விளங்கும். எதிரி பெரியவன், ஆனால் அவசரக்காரன் அல்லன். அவனைக் கொல்லப் பெரிய தீ மூட்டினால் சொந்த வீடும் சேர்ந்து எரியும். ஆகவே கொல்வதைவிட வெளியேற்றுவதும், வெளியேற்ற முடியாவிட்டால் கட்டுக்குள் வைப்பதும், புழு துளைத்த இடத்தை உடனுக்குடன் செப்பனிடுவதும் இலாபகரமானவை. புழுக்களுக்கு எதிரான நோயெதிர்ப்பு இந்த மூன்று வேலைகளையும் ஒன்றாகச் செய்கிறது. அறிவியலாளர்கள் இதை 'இரண்டாம் வகை எதிர்வினை' என்கிறார்கள். 1986இல் டிம் மாஸ்மன், ராபர்ட் காஃப்மன் ஆகியோர், நோயெதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளணுக்களான உதவி டி செல்களில் இருவேறு வகைகள் உண்டு என்று எலியின் செல்களைக்கொண்டு காட்டியதிலிருந்து இந்தப் பகுப்பு நிலைபெற்றது. முதல் வகை, செல்லுக்குள் ஒளியும் கிருமிகளுக்கானது. இரண்டாவது, புழுக்களுக்கானது.

குடலில் எழும் எச்சரிக்கை

குடலுக்குள் புழு வந்ததை முதலில் அறிவது யார் என்பது நெடுநாள் புதிராக இருந்தது. குடலின் உட்சுவரில் ஆங்காங்கே நுனியில் குச்சம் வைத்தாற்போல நிற்கும் சில செல்கள் உண்டு. 'டஃப்ட் செல்' என்று அவற்றைக் குறிப்பார்கள். பல பத்தாண்டுகளாக நுண்ணோக்கியில் பார்த்து வந்தும் அவற்றின் வேலை என்ன என்று தெரியாமல் இருந்தது. 2016இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில், எலிகளை வைத்து விடையைக் கண்டன. புழுவின் வரவை உணர்ந்து முதல் செய்தியை அனுப்பும் செல்கள் இவையே.

அவை அனுப்பும் செய்திக்கு இன்டர்லூகின்-25 என்று பெயர். புழு சுவரைக் காயப்படுத்தும்போது சிதையும் செல்களிலிருந்து இன்டர்லூகின்-33 என்ற மற்றொரு செய்தியும் கசிகிறது. இரண்டும் சென்று சேரும் இடம், 2010ஐ ஒட்டித்தான் அடையாளம் காணப்பட்ட ஒருவகை இயல்பு நிணச்செல்கள். இவை இன்டர்லூகின்-13 என்ற ஆணையைப் பிறப்பிக்கின்றன. அந்த ஒரே ஆணைக்குப் பல துறைகள் கீழ்ப்படிகின்றன: சளி சுரக்கும் செல்கள் பெருத்துக் குடலைக் கொழகொழப்பாக்குகின்றன, குடல் தசை வலுவாகச் சுருங்கி விரிகிறது, உட்சுவர்ச் செல்கள் வழக்கத்தைவிட வேகமாகப் புதுப்பிக்கப்பட்டு, புழு பற்றியிருக்கும் தளமே நகர்ந்துகொண்டிருக்கிறது. கூடவே, குடலின் தண்டுச்செல்களிலிருந்து இன்னும் நிறைய டஃப்ட் செல்கள் பிறக்கின்றன. அவை இன்னும் உரக்கச் செய்தி அனுப்புகின்றன. இத்தனைக்கும் பிறகு பிடிப்பிழந்த புழு வெளியேற்றப்படுகிறது.

திசுவுக்குள் புகுந்துவிட்ட புழுவிடம் இந்த உத்தி பலிக்காது. அங்கே இயோசினோபில் என்ற வெள்ளணுக்கள் வருகின்றன. 1879இல் பால் எர்லிக், இயோசின் என்ற சிவப்புச் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும் துகள்களைக் கண்டு இவற்றை இனம்பிரித்தார். அந்தத் துகள்களுக்குள் இருப்பவை நச்சுப் புரதங்கள். இயோசினோபில்கள் இளம்புழுவை மொய்த்துக்கொண்டு, விழுங்க முடியாத அதன் மீது இந்த நஞ்சைக் கொட்டுகின்றன. அவை ஒட்டிக்கொள்ள உதவும் எதிர்ப்பொருள்களில் ஒன்று ஐஜிஇ. 1960களில் ஜப்பானியத் தம்பதியான கிமிஷிகே, தெருகோ இஷிசாகா ஆகியோர் ஒவ்வாமையை ஆராய்ந்தபோது கண்டது இதைத்தான். தூசு பட்டால் தும்மல் வருவதற்கும், இறால் சாப்பிட்டால் சிலருக்குத் தடிப்பு எழுவதற்கும் காரணமான அதே ஐஜிஇ, புழுத்தொற்று உள்ளவர்களின் இரத்தத்தில் பன்மடங்கு உயர்ந்து நிற்கிறது. ஒவ்வாமை என்று நாம் அவதிப்படும் அமைப்பு புழுக்களை எதிர்கொள்ளத்தான் பரிணமித்தது என்று அறிவியலாளர் பலர் கருதுவது இதனால்தான்.

படை மிஞ்சினால்

இந்தப் படையை முழு வேகத்தில் அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும்? அதைக் கண்டறிந்த வரலாற்றில் தென்னிந்தியாவுக்கும் மலாயாவுக்கும் பெரும்பங்கு உண்டு.

ஆந்திரத்தின் மதனப்பள்ளியில் இருந்த காசநோய் மருத்துவமனையில் ஃபிரிமோட்-மோலரும் பார்ட்டனும் சில நோயாளிகளைக் கண்டு திகைத்தார்கள். இருமல், காய்ச்சல், உடல் மெலிவு, எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்கப் புள்ளிகள், பார்வைக்குக் காசநோயேதான். ஆனால் காசநோய்க் கிருமி இல்லை. மாறாக, இரத்தத்தில் இயோசினோபில்கள் நிறைந்து கிடந்தன. 1940இல் அவர்கள் இதைப் பதிவு செய்தார்கள். 1943இல் வைன்கார்ட்டன் இதற்கு 'வெப்பமண்டல இயோசினோபிலியா' என்று பெயரிட்டார். இரவில் மூச்சிரைப்போடு இருமும் பிள்ளைக்கு 'ஈஸ்னோபீலியா' இருக்கிறது என்று மருத்துவர் சொல்லக் கேட்டு நம் வீடுகளில் புழங்கிப்போன அந்தச் சொல்லுக்கு இப்படியொரு முன்கதை உண்டு.

சிங்கப்பூரில் டி. ஜே. தனராஜ் இதே நோயாளிகளை ஆராய்ந்தார். பின்னாளில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவரானவர் அவர். யானைக்கால் நோய்க்குக் கொடுக்கும் டைஎத்தில்கார்பமசின் மாத்திரையை இந்த நோயாளிகளுக்குக் கொடுத்தபோது அவர்கள் தேறினார்கள். 1958இல் அவர் அதை வெளியிட்டார். இழைப்புழு மருந்துக்குப் பணியும் நோய் என்றால், இழைப்புழுவால் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த நோயாளிகளின் இரத்தத்தை எந்த நள்ளிரவில் எடுத்துப் பார்த்தாலும் ஒரு புழுவைக்கூடக் காண முடியவில்லையே!

விடை வேலூரில் கிடைத்தது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் குழந்தை மருத்துவர் ஜே. கே. ஜி. வெப், நோயியலாளர்கள் சி. கே. ஜாப், ஈ. டபிள்யூ. கால்ட் ஆகிய மூவரும் நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நிணநீர் முடிச்சுத் திசுக்களை நுண்ணோக்கியில் தேடினார்கள். இயோசினோபில் திரள்களின் நடுவே, சிதைந்துகொண்டிருந்த இளம்புழுக்கள் அகப்பட்டன. 1960இல் 'லான்செட்' இதழில் அது வெளிவந்தது. இரத்தத்தில் புழு தென்படாததற்குக் காரணம் புழு இல்லாமை அல்ல. இந்த நோயாளிகளின் உடல், இரத்தத்துக்கு வந்த ஒவ்வோர் இளம்புழுவையும் நுரையீரலிலேயே மடக்கி அழித்துக்கொண்டிருந்தது.

நோயெதிர்ப்பு வென்றுவிட்டது என்று சொல்லலாம். ஆனால் வென்றவர் நிலை என்ன? ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 500க்குள் இருக்க வேண்டிய இயோசினோபில்கள் இவர்களுக்கு 3,000ஐத் தாண்டுகின்றன. இரவெல்லாம் இருமல், மூச்சிரைப்பு. சிகிச்சை இன்றி ஆண்டுக்கணக்கில் விட்டால் நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும். புழு செய்யாத கேட்டை, புழுவைக் கொன்ற படை செய்துவிடுகிறது.

அமைதியின் விலை

இந்த நிலைக்கு வருபவர்கள் மிகச் சிலரே. இழைப்புழு தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு வெளியே தெரியும்படி எந்த அறிகுறியும் இல்லை. இரவு இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு நூற்றுக்கணக்கில் இளம்புழுக்கள் நீந்தும். ஆனால் காய்ச்சலில்லை, வீக்கமில்லை, வயலுக்கும் வேலைக்கும் வழக்கம்போலப் போய்வருவார்கள். முதிர்புழுக்கள் ஐந்தாறு ஆண்டுகள், சிலவேளை அதற்கு மேலும், நிணநீர் நாளங்களுக்குள் வாழ்கின்றன.

இவர்களின் டி செல்களை எடுத்து, மற்றக் கிருமிகளின் புரதங்களைக் காட்டினால் அவை கிளர்ந்தெழுகின்றன. இழைப்புழுவின் புரதத்தைக் காட்டினால் மட்டும் அடங்கிவிடுகின்றன. காரணம், இவர்கள் உடலில் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் பெருகி, இன்டர்லூகின்-10 என்ற அமைதிப்படுத்தும் செய்தியைப் பரப்புகின்றன. இதில் உடலின் தற்காப்பும் உண்டு, புழுவின் சூழ்ச்சியும் உண்டு. எலியின் குடலில் வாழும் ஒரு புழு, உடலின் அமைதிச் செய்திகளில் ஒன்றான டிஜிஎஃப்-பீட்டாவின் வேலையை அப்படியே செய்யும் புரதமொன்றைச் சுரக்கிறது. ரிக் மெய்செல்ஸ் குழுவினர் 2017இல் இதை வெளியிட்டபோது வியப்பூட்டியது இன்னொன்று: அந்தப் புரதத்தின் அமைப்பு டிஜிஎஃப்-பீட்டாவோடு சற்றும் உறவில்லாதது. எங்கோ தனி வழியில் பரிணமித்து, அதே பூட்டைத் திறக்கக் கற்றிருக்கிறது. அதே புழு, காயத்தின் செய்தியான இன்டர்லூகின்-33ஐப் பிடித்து முடக்கும் வேறொரு புரதத்தையும் சுரக்கிறது. எச்சரிக்கை எழும் இடத்திலேயே அதன் வாயை அடைக்கும் வேலை இது.

இங்கேதான் ஐஜிஜி4 மேடைக்கு வருகிறது. இன்டர்லூகின்-10 நிறைந்த சூழலில், எதிர்ப்பொருள் தயாரிக்கும் பி செல்கள் ஐஜிஜி4க்கு மாறுகின்றன. சாதாரணமாக நம் ஐஜிஜி எதிர்ப்பொருள்களில் இது ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. 1985இல் எரிக் ஒட்டேசன், எஸ். பி. திரிபாதி உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு, இழைப்புழுவுக்கு எதிரான எதிர்ப்பொருள்களில் ஐஜிஜி4தான் மேலோங்கி நிற்கிறது என்று காட்டியது.

அதன் இயல்பு விசித்திரமானது. மற்ற ஐஜிஜிகள் ஒரே இலக்கை இரு கைகளாலும் பிடித்து, பலவற்றைக் கோத்து, அழற்சிக்கு ஆள் திரட்டும். ஐஜிஜி4 தன்னில் ஒரு பாதியை இன்னொரு ஐஜிஜி4இன் பாதியோடு மாற்றிக்கொள்வதால் இரு கைகளும் வெவ்வேறு இலக்குகளுக்கானவை ஆகிவிடுகின்றன, கோக்க முடியாது. இரத்தத்திலுள்ள அழிப்புப் புரதங்களையும் அது தூண்டுவதில்லை. ஆனால் ஐஜிஇ அமர வேண்டிய இடத்தில் தான் அமர்ந்துகொண்டு அதற்கு வழிவிடாமல் நிற்கும். வேலூரில் கண்ட அந்தப் பேரழற்சி மற்றவர்களுக்கு வராமல் காப்பதில் இந்தச் சாதுவுக்கும் பங்குண்டு.

இது தோல்வியும் அன்று, வெற்றியும் அன்று. இரு தரப்பும் பிழைக்கும் உடன்படிக்கை. இது குலையும்போது என்ன நேரும் என்பதை யானைக்கால் நோயாளியின் காலே சொல்கிறது. புழு சாகும்போதும், அதனுள் வாழும் வொல்பாக்கியா என்ற பாக்டீரியா வெளிப்படும்போதும், சேதமடைந்த நிணநீர் நாளத்தில் வேறு பாக்டீரியாக்கள் புகும்போதும் அழற்சி மீண்டும் மீண்டும் எழுகிறது. நிணநீர் வடியாமல் தேங்கி, கால் வீங்கித் தடிக்கிறது. காலம் போகப்போக அந்த வீக்கம் திரும்பாத நிலையை அடைகிறது. முற்றிய யானைக்கால் நோயாளியின் இரத்தத்தில் பெரும்பாலும் இளம்புழுக்கள் இருப்பதில்லை. ஒரே புழு, ஒரே ஊர். ஒருவருக்கு நுரையீரல் நோய், ஒருவருக்கு வீங்கிய கால், பலருக்கு ஒன்றுமே தெரியாது. இந்த வேறுபாட்டில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது, புழுவுக்கு அவரவர் உடல் சொல்லும் பதில்.

தடயத்தைப் பிடித்த பரிசோதனை

உலகின் யானைக்கால் நோயில் பத்தில் ஒன்பது பங்கு 'வுச்செரேரியா பான்கிராஃப்டி' என்ற புழுவால் வருவது. தமிழ்நாட்டில் இருந்ததும் அதுவே. அந்தப் புழு சுரக்கும் ஒரு பொருளை இரத்தத்தில் நேரடியாகக் கண்டுபிடிக்கும் விரைவுப் பரிசோதனை உண்டு. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பெரிதும் காணப்படும் புருகியா மலாயிக்கு அப்படியொன்று இல்லை. கேரளத்தில் சேர்த்தலைப் பகுதியில், ஆகாயத்தாமரை படர்ந்த குளங்களில் பெருகும் மான்சோனியா கொசுக்கள் பரப்பியதும் இந்தப் புருகியாதான். மலேசியாவின் சதுப்புக்காடுகளில் அது குரங்குகளிலும் பூனைகளிலும்கூட வாழ்வதால் ஒழிப்பது மேலும் கடினம்.

எதிர்ப்பொருளைத் தேடலாம் என்றால் இன்னொரு சிக்கல் குறுக்கிட்டது. நாக்குப்பூச்சியும் சாட்டைப்புழுவும் மலிந்த ஊர்களில், அவற்றுக்கு எதிராக உண்டான எதிர்ப்பொருள்கள் இழைப்புழுப் பரிசோதனையிலும் தவறாகக் கோடு காட்டிவிடும். ரஹ்மா நூர்டின் குழுவினர் இரண்டு தேர்வுகளால் இதைத் தாண்டினார்கள். முதலாவது, புழுவை அரைத்துப் பயன்படுத்தாமல், புருகியாவின் மரபணுக்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்து, அதன் புரதத்தை ஆய்வகத்தில் பாக்டீரியாவைக்கொண்டு தயாரித்தார்கள். பிஎம்ஆர்1 என்பது அதன் பெயர். இரண்டாவது, எல்லா எதிர்ப்பொருள்களையும் விட்டுவிட்டு ஐஜிஜி4ஐ மட்டும் கணக்கில் எடுத்தார்கள். நெடுநாள் உடன்படிக்கையில் மிகுதியாகப் பிறக்கும் ஐஜிஜி4, கடந்துபோன தொற்றைவிட நடப்பிலிருக்கும் தொற்றையே பெரிதும் சுட்டுகிறது. மருந்து கொடுத்துப் புழு ஒழிந்தால் காலப்போக்கில் குறைகிறது. பல ஆய்வகங்களில் சோதித்தபோது, தொற்றுள்ளவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேற்பட்டோரை இது சரியாக இனம்கண்டது.

உலக சுகாதார நிறுவனத்தின் யானைக்கால் நோய் ஒழிப்புத் திட்டம் இதை ஏற்றுக்கொண்டது. புருகியா உள்ள பகுதிகளில் சில ஆண்டுகள் எல்லோருக்கும் மருந்து கொடுத்து முடித்த பின், ஆறேழு வயதுப் பிள்ளைகளிடம் இந்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. அவர்கள் பிறந்து வளர்ந்த காலம் மருந்து கொடுத்த காலம். அவர்கள் இரத்தத்தில் ஐஜிஜி4 இருந்தால், அண்மையில் எங்கோ கொசு வழியாகத் தொற்று பரவியிருக்கிறது என்று பொருள். இல்லாவிட்டால் அந்த ஊரில் மருந்தை நிறுத்தலாம். பல நாடுகளின் முடிவுகள் மலேசிய ஆய்வகத்தில் பிறந்த ஒரு சிவப்புக் கோட்டைப் பார்த்து எடுக்கப்படுகின்றன. இழைப்புழுவின் இருப்பை மறைக்க உதவும் அமைதியே அதைக் காட்டிக்கொடுக்கும் தடயமாகிவிட்டது.

தோட்டத்து மண்ணில்

தமிழர்களுக்கு இந்தப் புழுக்களோடு இன்னும் நெருக்கமான, வேதனையான வரலாறு உண்டு. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, எதிர்க்கரையான செபராங் பிறையின் கரும்பு, ரப்பர் தோட்டங்களுக்கும் மலாயாவின் உள்நாட்டுத் தோட்டங்களுக்கும் போனவர்கள் அவர்கள். மரநிழல் விழுந்த ஈரமண், கழிப்பறையில்லாத லயன் குடியிருப்புகள், வெறுங்கால்: கொக்கிப்புழுவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! மண்ணிலிருக்கும் இளம்புழு பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே புகும். குடலைக் கவ்வி இரத்தம் உறிஞ்சும். நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் ஆள் சோகைபிடித்து வெளுத்துப்போவார்.

ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அனுப்பிய சாமுவேல் டார்லிங், மார்ஷல் பார்பர், எச். பி. ஹேக்கர் ஆகியோர் 1915க்குப் பின் மலாயாவிலும் ஜாவாவிலும் ஃபிஜியிலும் இதை ஆராய்ந்து, 1920இல் அறிக்கை வெளியிட்டார்கள். மருந்து கொடுத்து, வெளியேறிய புழுக்களை எண்ணியே அவர்கள் தொற்றின் அளவைக் கணித்தார்கள். மருந்தால் புழு போனது. ஆனால் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் திரும்பி வந்தது. அம்மை ஒருமுறை வந்தால் மறுமுறை வராதபடி காக்கும் நம் உடல், கொக்கிப்புழுவிடம் அப்படியொரு காப்பைப் பெறுவதில்லை. உடன்படிக்கையின் மறுபக்கம் இது: கொல்லாமல் விட்டவனை மறுபடி வராமல் தடுக்கவும் முடியாது. மனிதருக்கான புழுத் தடுப்பூசி எதுவும் இன்றுவரை பயன்பாட்டுக்கு வராததற்கும் இது ஒரு காரணம். உடல் கட்டாத அரணைக் கழிப்பறையும் செருப்பும்தான் கட்ட வேண்டியிருந்தது. அவற்றைத் தர மறுத்த தோட்ட நிர்வாகங்கள், தொழிலாளி சோம்பேறி என்று பழித்தபோது, அவன் உடலில் இரத்தமே குறைந்திருந்தது.

மண்வழி வரும் இன்னொரு புழு ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ். உடலுக்குள் பெருகுவதில்லை என்று மேலே சொன்ன பொதுவிதிக்கு இது விலக்கு. தன் இளம்புழுக்களை வெளியே அனுப்பாமலே மறுபடி அதே உடலில் தொற்றவைத்து, ஒரே மனிதருக்குள் பல பத்தாண்டுகள் தொடர வல்லது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சயாம்-பர்மா மரண ரயில்பாதையில் உழைத்த பிரிட்டிஷ் போர்க்கைதிகளைப் பிற்காலத்தில் லிவர்பூலில் பரிசோதித்தபோது, முப்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் சிலரிடம் இந்தப் புழு உயிரோடு இருந்தது. அதே பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களும் அதே சேற்றில் வெறுங்காலோடு நின்றார்கள்.

இத்தனை ஆண்டுகள் ஒரு தொந்தரவும் இல்லாமல் இருந்தவருக்கு, ஆஸ்துமாவுக்காகவோ மூட்டுநோய்க்காகவோ ஸ்டீராய்டு கொடுத்தால் ஆபத்து கதவைத் தட்டும். ஸ்டீராய்டு, இயோசினோபில்களையும் இரண்டாம் வகை எதிர்வினையையும் ஒடுக்குகிறது. கட்டுக்குள் இருந்த புழு கணக்கின்றிப் பெருகி, குடல் பாக்டீரியாக்களையும் சுமந்துகொண்டு உடலெங்கும் பரவும். பலருக்கு அது மரணத்தில் முடியும். கொரோனா காலத்தில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பரவலாகக் கொடுக்கப்பட்டபோது மருத்துவர்கள் இதை நினைவூட்டி எச்சரித்தார்கள். பினாங்கின் அதே பல்கலைக்கழகக் குழு, ஸ்ட்ராங்கிலாய்ட்ஸுக்கும் ஐஜிஜி4ஐ வைத்தே ஒரு விரைவுப் பரிசோதனையை உருவாக்கியிருக்கிறது. ஈரமண்ணில் வெறுங்காலோடு உழைத்த ஒருவருக்கு நீண்டநாள் ஸ்டீராய்டு தொடங்கும் முன் இப்படியொரு பரிசோதனை செய்வது உயிர் காக்கும்.

புழு போன பிறகு

உடன்படிக்கை ஒரு புழுவோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. அமைதிச் செய்திகள் உடல் முழுக்கப் பரவும்போது மற்ற நோய்களின் போக்கும் மாறுகிறது. சென்னை சேத்துப்பட்டிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் சுபாஷ் பாபு குழுவினர், மறைந்திருக்கும் காசநோயோடு இழைப்புழுவும் சேர்ந்திருப்பவர்களை ஆராய்ந்தார்கள். காசக்கிருமியைக் கட்டுப்படுத்தத் தேவையான டி செல் எதிர்வினை இவர்களிடம் மங்கியிருந்தது. புழுத்தொற்று உள்ளவர்களிடம் சில தடுப்பூசிகளின் பலன் குறைவதாகவும் வேறு நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மறுபுறம், சென்னை நகர ஊரக நீரிழிவு ஆய்வின் பகுதியாக 2010இல் வெளியான ஒரு கட்டுரை, நீரிழிவு உள்ளவர்களிடம் இழைப்புழுத் தொற்று மற்றவர்களைவிடக் குறைவாகக் காணப்படுவதைச் சொன்னது. நீரிழிவுக்குப் பின்னால் மெல்லிய, தீராத அழற்சி இருக்கிறது. புழு அந்த அழற்சியைத் தணிக்கிறதோ என்ற கேள்வியை அது எழுப்பியது. புழுக்கள் நீங்கிய நகரங்களில் ஒவ்வாமையும் தன்னெதிர்ப்பு நோய்களும் பெருகுவதைப் பார்த்து, புழு முட்டைகளையே மருந்தாகக் கொடுக்கும் முயற்சிகளும் நடந்தன. பன்றியின் சாட்டைப்புழு முட்டைகளைக் குரோன் என்ற குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்குக் கொடுத்த பெரிய ஆய்வுகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. புழுக்களை வரவேற்க இதிலெல்லாம் காரணம் இல்லை. கற்றுக்கொள்ள வேண்டியது அவை சுரக்கும் புரதங்களிடம்: உடலைக் கெடுக்காமல் அழற்சியை மட்டும் அடக்கும் கலையை அவை கோடிக்கணக்கான ஆண்டுகள் பயின்றிருக்கின்றன. அந்தப் புரதங்களை ஆய்வகத்தில் தயாரித்து மருந்தாக்கினால், புழு இல்லாமலே அந்தப் பயனை நாம் பெற முடியும்.

'எனக்கு ஒன்றுமில்லை'

யானைக்கால் ஒழிப்புக்கு ஆண்டுதோறும் மாத்திரை கொண்டுவரும் பணியாளர்கள் அதிகம் கேட்கும் பதில் இது. நன்றாக இருக்கும் எனக்கு மருந்து எதற்கு என்ற கேள்வியில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் நன்றாக இருப்பதே இந்தத் தொற்றின் இயல்பு. ஆலப்புழையில் ஆர். கே. ஷெனாயும் சென்னையின் வி. குமாரசாமியும் உள்ளிட்ட குழுவினர், புருகியா தொற்றிய, எந்த அறிகுறியும் இல்லாத பிள்ளைகளின் நிணநீர் நாளங்களைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். பள்ளி வயதிலேயே அவை விரிந்து பழுதாகியிருந்தன. உடன்படிக்கை வலியைத்தான் தள்ளிப்போட்டது, சேதத்தை அன்று. ஆனால் மருந்து கொடுத்த பின் அந்தப் பழுதில் ஒரு பகுதி சீரானதையும் அதே குழுவினர் கண்டார்கள். வீங்கிய பின் திரும்பாத கால், வீங்கும் முன் காப்பாற்றப்படக் கூடியது.

மாத்திரை தின்ற இரவு காய்ச்சலும் தலைவலியும் வந்தது, அதனால் அடுத்த ஆண்டு வேண்டாம் என்பவர்களும் உண்டு. அந்தக் காய்ச்சலைப் பெரும்பாலும் கொண்டுவருவது, சாகும் இளம்புழுக்களும் அவற்றிலிருந்து வெளிப்படும் வொல்பாக்கியாவும். இரத்தத்தில் புழு நிறைந்தவருக்கே அது கடுமையாக வரும். ஓரிரு நாளில் அடங்கும். அமைதிக்குள் ஒளிந்திருந்த புழு அழிகிறது என்று உடல் தரும் செய்தி அது. இந்தச் செய்தியை வீட்டு வாசலில் நின்று பொறுமையாக விளக்கிச் சொல்ல ஒருவர் இருந்தால், மறுத்தவர்களில் பலர் மாத்திரையை வாங்கி விழுங்குவார்கள். இது எட்டக்கூடிய இலக்குதான்: இலங்கை இந்த நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மருந்து பழையது, விலை குறைவு, வழி தெரிந்தது. இனி வேண்டியது, ஒன்றும் இல்லை என்று உணரும் உடலிலும் ஒன்று இருக்கக்கூடும் என்ற அறிவு ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர்வது.